உப்பு எங்கே போகும்? கணக்கு டீச்சர் பதில்கள்

போன இதழில் விழுக்காடு பற்றி நாலு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கலவைக் கணக்கு. உப்புக் கரைசல், அமிலம், பால், தங்கம் என்று ஆளுக்கு ஒன்றைக் கலக்கி அனுப்பியிருக்கிறீர்கள். தேர்வு நெருங்குகிறது என்று புரிகிறது. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்ப்போம்.

கேள்வி: டீச்சர், என் மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். தொடக்கநிலையில் பெட்டி பெட்டியாக மாடல் வரைந்து கணக்கு நன்றாகவே போடுவாள். இப்போது "10% உப்புக் கரைசல் 300 கிராம் இருக்கிறது, அதனுடன் 30% கரைசல் எத்தனை கிராம் சேர்த்தால் 15% ஆகும்" என்ற கணக்கில் உட்கார்ந்து அழுகிறாள். 10-ஐயும் 30-ஐயும் கூட்டி 40 என்கிறாள், அப்புறம் இரண்டால் வகுத்து 20 என்கிறாள், 15 எப்படி வரும் என்று என்னையே கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.
— ஒரு தாய், ஈசூன்

பதில்: முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வீட்டில் பண்டோங் போடும் ரோஸ் சிரப் இருக்குமே, அதில் இரண்டு தம்ளர் கலக்குங்கள், ஒன்று வெளிறிய ரோஸ், இன்னொன்று கண்ணைப் பறிக்கும் ரோஸ். இரண்டையும் ஒரே ஜாடியில் ஊற்றினால் அந்த அடர்ந்த தம்ளரைவிட இன்னும் அடர்த்தியாக ஆகுமா என்று கேளுங்கள். "இல்லை, நடுவில் எங்கேயோ வரும்" என்பாள். அவ்வளவுதான், 40% என்ற விடை அங்கேயே செத்துப்போனது. 10-க்கும் 30-க்கும் நடுவில்தான் எதுவும் வர முடியும். அடுத்து, வெளிறியதில் மூன்று தம்ளரும் அடர்ந்ததில் ஒரு தம்ளரும் ஊற்றினால் எந்தப் பக்கம் சாயும் என்று கேளுங்கள். அதற்கும் அவளே பதில் சொல்வாள். 20 என்ற விடை ஏன் தப்பு என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டும் சம அளவாக இருந்தால்தான் நேர் நடு.

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். பிள்ளைகள் எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்தான்: விழுக்காட்டை ஒரு பொருள் என்று நினைத்துக் கூட்டுகிறார்கள். உப்பைக் கூட்டலாம், தண்ணீரைக் கூட்டலாம், விழுக்காட்டைக் கூட்ட முடியாது. 30 டிகிரி தண்ணீரையும் 40 டிகிரி தண்ணீரையும் கலந்தால் 70 டிகிரி வருமா? அதே கதைதான்.

அதனால் என் வகுப்பில் மூன்று பத்தி உள்ள அட்டவணை போடச் சொல்வேன். முதல் பத்தி மொத்த எடை, நடுப்பத்தி விழுக்காடு, மூன்றாவது பத்தி உப்பின் எடை. ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு வரி, கடைசி வரி கலந்த பிறகு. முதல் பத்தியை மேலிருந்து கீழே கூட்டலாம், மூன்றாவதையும் கூட்டலாம். நடுப்பத்தியின் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கச் சொல்லுங்கள், அங்கே கூட்டல் கிடையாது என்பதற்கு அடையாளம்.

பள்ளியில் எக்ஸ் என்று எழுதுவாள், நான் இங்கே 'க' என்று வைத்துக்கொள்கிறேன். முதல் ஜாடி: 300 கிராம், 10%, உப்பு 30 கிராம். இரண்டாவது: க கிராம், 30%, உப்பு 0.3 × க. கலந்தது: 300 + க, 15%, உப்பு 0.15 × (300 + க). உப்பு எங்கேயும் ஓடிப்போகாது, இரண்டு ஜாடியில் இருந்ததுதான் மூன்றாவதில் இருக்கும். எனவே

30 + 0.3க = 0.15 × (300 + க)
30 + 0.3க = 45 + 0.15க
0.15க = 15
க = 100

சரிபார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்: மொத்தம் 400 கிராம், உப்பு 30 + 30 = 60 கிராம், 400-இல் 60 என்றால் 15%. சரி.

இனி அவளுடைய பழைய பெட்டிக்கு வருவோம். அளவுகளைப் பெட்டிகளாக வரைந்து காட்டும் அந்த மாடல் முறையை 1980-களில் நம் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கியது, உயர்நிலைக்கு வந்ததும் பிள்ளைகள் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தக் கணக்கை இயற்கணிதமே இல்லாமல் குறை, மிச்சம் என்று பார்க்கலாம். நமக்கு வேண்டியது 15%. முதல் ஜாடி 10%தான், அதாவது ஒவ்வொரு 100 கிராமிலும் 5 கிராம் உப்பு குறை. 300 கிராமில் 15 கிராம் குறை. இரண்டாவது ஜாடி 30%, ஒவ்வொரு 100 கிராமிலும் 15 கிராம் மிச்சம். 15 கிராம் குறையை அடைக்க 15 கிராம் மிச்சம் வேண்டும், அதற்கு 100 கிராம் போதும். மாதக் கடைசியில் அக்காவிடம் கைமாற்று வாங்கிக் கடனை அடைப்பது மாதிரிதான். இதை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால், மேலே உள்ள சமன்பாட்டில் ஒவ்வொரு எண்ணும் எதற்கு நிற்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் மட்டும் சேர்க்கும் கணக்கில் அந்த விழுக்காடு பத்தியில் என்ன எழுதுவது? மகன் காலியாக விட்டுவிட்டு முழிக்கிறான். வெறும் உப்பு சேர்த்தாலும் இதே குழப்பம்.
— ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: காப்பிக்கடையில் போய், பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு "தே ஓ கோசோங்" என்று கேட்கிறோமே, அந்த கோசோங்தான் விடை. மலாயில் கோசோங் என்றால் சுழியம், காலி. சீனி 0%. வெறும் தண்ணீர் என்பது 0% உப்புக் கரைசல், வெறும் உப்பு என்பது 100% கரைசல். காலியாக விடாமல் 0 என்றும் 100 என்றும் எழுதிவிட்டால் எல்லாக் கணக்கும் ஒரே கணக்கு ஆகிவிடும்.

தண்ணீர் சேர்ப்பதற்கு எக்ஸ்கூட வேண்டாம். 15% கரைசல் 200 கிராமை 10% ஆக்க வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் உப்பு 30 கிராம், தண்ணீர் ஊற்றினாலும் அதே 30 கிராம்தான். 30 என்பது எதில் 10%? 300-இல். 200 இருக்கிறது, 100 ஊற்று. முடிந்தது.

உப்பு சேர்ப்பதில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. 5% கரைசல் 180 கிராம், எவ்வளவு உப்பு சேர்த்தால் 10% ஆகும்? "இருப்பது 9 கிராம், வேண்டியது 18, ஆகவே 9" என்று மகன் சட்டென்று சொல்வான், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் உப்பைப் போட்டதும் மொத்த எடையும் ஏறிவிடுகிறதே! 9 + உ = 0.1 × (180 + உ) என்று எழுதினால் உ = 10 என்று வரும். 190-இல் 19, சரியாகப் பத்து விழுக்காடு. இங்கே உப்பு மாறுகிறது, மாறாமல் நிற்பது தண்ணீர், 171 கிராம். அதை 90% என்று பிடித்தாலும் 190 வந்துவிடும். எது மாறவில்லையோ அதைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 10%, 35% என்று இரண்டு அமிலக் கரைசல்கள். கலந்து 20% கரைசல் 500 மில்லி செய்ய வேண்டும். நான் ஒன்றை எக்ஸ், இன்னொன்றை எக்ஸ் கழித்தல் 500 என்று போட்டேன். விடை 611 வருகிறது. எங்கே தப்பு?
— உயர்நிலை 3 மாணவன், புக்கிட் பாத்தோக்

பதில்: தம்பி, 500 மில்லி ஜாடிக்குள் 611 மில்லி எப்படி நிற்கும்? இந்தக் கேள்வியை நீயே உன்னிடம் கேட்டிருந்தால் எனக்குத் தபால் செலவு மிச்சம்.

ஜாடியில் மொத்தம் 500. அதில் ஒன்றை எக்ஸ் மில்லி ஊற்றிவிட்டாய், இன்னும் எவ்வளவு இடம் பாக்கி? 500-இல் எக்ஸைக் கழித்தது. நீ திருப்பிப் போட்டுவிட்டாய். எழுதும்போது எக்ஸுக்குப் பதில் மனதில் 200 என்று ஓர் எண்ணை வைத்துப் பார், பாக்கி 300 என்று வாய் தானாகச் சொல்லும், என்ன செய்து 300 வந்தது என்று பார்த்து அதையே எழுது. சரியாகப் போட்டால் 10% கரைசல் 300 மில்லி, 35% கரைசல் 200 மில்லி. 30 + 70 = 100, அது 500-இல் 20%.

கேள்வி: என்னிடம் 18 காரட் சங்கிலி ஒன்று இருக்கிறது, 4 கிராம். போடுவதே இல்லை. கொஞ்சம் 24 காரட் சேர்த்து உருக்கிப் பேத்திக்கு 22 காரட்டில் ஏதாவது செய்யலாம் என்று ஆசை. எவ்வளவு சேர்க்க வேண்டும்? இதுவும் உங்கள் உப்புக் கணக்குதானா?
— ஒரு பாட்டி, தேக்கா பக்கம்

பதில்: அதே கணக்குதான் அம்மா, உப்புக்குப் பதில் பொன். இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது.

காரட் என்பது 24-இல் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பது. 22 காரட் என்றால் 24-இல் 22, வகுத்தால் 0.9166. சிராங்கூன் சாலைக் கடைகளில் நகையின் உட்புறம் பொடியாக 916 என்று அடித்திருப்பார்களே, அது இதுதான். 18 காரட் என்றால் முக்கால் பங்கு, அதற்கு முத்திரை 750.

குறையும் மிச்சமும் பார்ப்போம். 22 வேண்டும். 18 காரட் கிராமுக்கு 4 காரட் குறை, 24 காரட் கிராமுக்கு 2 காரட் மிச்சம். ஒரு கிராம் பழையதுக்கு இரண்டு கிராம் புதியது. உங்கள் 4 கிராம் சங்கிலிக்கு 8 கிராம், சரியாக ஒரு பவுன். மொத்தம் 12 கிராம், அதில் சுத்தத் தங்கம் 8 + 3 = 11. பன்னிரண்டில் பதினொன்று, அதுவே 22 காரட். காகிதத்தில் வருவது இது. பட்டறையில் உருக்கும்போது கொஞ்சம் குறையும், செய்கூலி சேதாரம் என்று பில்லும் வரும், அதற்கு என்னிடம் சமன்பாடு கிடையாது.

நம் மொழியிலேயே இந்தக் கணக்கு பழையது. ஒருவரைப் புகழும்போது "பத்தரை மாற்றுத் தங்கம்" என்கிறோம், அந்த மாற்று என்பது பொன்னின் தரத்தை அளக்கும் சொல். பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் பொன் கலக்கும் கணக்குக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சுத்தத் தங்கம் 16 வர்ணம், எடைக்கு மாஷம். 13, 12, 11, 10 வர்ணத் தங்கம் முறையே 10, 4, 2, 4 மாஷம் எடுத்து உருக்கினால் கிடைக்கும் கட்டியின் வர்ணம் என்ன என்று கேட்கிறார். எடையையும் வர்ணத்தையும் பெருக்குங்கள்: 130, 48, 22, 40. கூட்டினால் 240. மொத்த எடை 20 மாஷம். வகுத்தால் 12 வர்ணம். நான் மேலே சொன்ன மூன்று பத்தி அப்படியே இருக்கிறது பாருங்கள்! அப்புறம் அவர் விடுவதில்லை, புடம் போட்டு அழுக்கு போய் 20 மாஷம் 16 ஆகக் குறைந்தால் வர்ணம் என்ன என்கிறார். பொன் குறையவில்லை, 240 அப்படியே நிற்கிறது, 16-ஆல் வகுத்தால் 15 வர்ணம். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகளும் இதே இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

கேள்வி: பிளீச் பாட்டிலில் 5% என்று இருக்கிறது. தரை துடைக்க 1000 பிபிஎம் வேண்டும் என்று ஒரு குறிப்பில் படித்தேன். விழுக்காடும் பிபிஎம்மும் எப்படி ஒன்றாகும்?
— வீட்டுப் பணிப்பெண், செங்காங்

பதில்: பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. விழுக்காடு நூற்றில் இத்தனை பங்கு. ஒரு விழுக்காடு 10,000 பிபிஎம், ஆக 5% என்பது 50,000. அதை 1000 ஆக்க ஐம்பது மடங்கு நீர்க்க வேண்டும், அதாவது ஒரு பங்கு பிளீச், 49 பங்கு தண்ணீர். ஐந்து லிட்டர் வாளி என்றால் 100 மில்லி பிளீச் ஊற்றி, 4.9 லிட்டர் தண்ணீர். 1:49 என்று குறிப்புகளில் போட்டிருப்பது இதுதான்.

ஐம்பது மடங்கு என்றதும் 50 பங்கு தண்ணீர் ஊற்றினாலும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் "மூன்று மடங்கு நீர்க்கவும்" என்று இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு மூன்று ஊற்றினால் அது நான்கு மடங்கு ஆகிவிடும், அங்கே உதைக்கும். இன்னொன்று, பாட்டிலுக்குப் பாட்டில் விழுக்காடு மாறும், லேபிளைப் பாருங்கள். வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ பிளீச்சுடன் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது கணக்கு இல்லை, உயிர்.

கேள்வி: பாத்திரத்தில் 8 லிட்டர் பால். பால்காரர் 2 லிட்டர் எடுத்துவிட்டு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறார். இப்படி மூன்று முறை. மிச்சம் பால் எவ்வளவு? நான் 2 லிட்டர் என்றேன், டியூஷன் சார் 3.375 என்கிறார். 8-இல் ஆறு போனால் இரண்டுதானே?
— உயர்நிலை 1 மாணவி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: முதல் முறை எடுத்த 2 லிட்டர் முழுக்கப் பால். இரண்டாவது முறை எடுப்பது பாலா? கொஞ்சம் பால், கொஞ்சம் அவர் ஊற்றிய தண்ணீர். அவர் தன் தண்ணீரையே திருப்பி எடுக்கிறார், பாவம். அதனால் பால் நீ நினைத்த வேகத்தில் குறையாது.

ஒவ்வொரு முறையும் பாத்திரத்தில் கால் பங்கு வெளியே போகிறது, முக்கால் பங்கு நிற்கிறது. நன்றாகக் கலக்கியிருந்தால் பாலிலும் அதே முக்கால்தான் நிற்கும். 8 லிட்டர் 6 ஆகும், 6 லிட்டர் 4.5 ஆகும், 4.5 லிட்டர் 3.375 ஆகும். உன் சார் சரி. இங்கே கழிக்காதே, பெருக்கு.

இந்தப் பால்காரர் எல்லாப் புத்தகத்திலும் ஏன் வருகிறார் என்று நீ கேட்கலாம். உன் பாட்டி காலத்துக்கு முன்னால் தேக்கா பக்கம் மாட்டுக் கொட்டகைகள் இருந்தன, பஃபலோ சாலை என்ற பெயர் அதன் மிச்சம். அங்கே பால் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு அன்றாடப் பிரச்சினையாக இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய பாத்திரம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. மரீனா அணைக்கட்டு 2008-இல் திறந்தபோது உள்ளே இருந்தது கடல் தண்ணீர், கிட்டத்தட்ட 3.5% உப்பு. உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை மொத்தமாக இறைத்துக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பவில்லை. மழை வரவர உப்புத் தண்ணீரைக் கடலுக்கு விட்டு, மழைநீரை நிறுத்தி, திரும்பத் திரும்ப. தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கேதான் வந்து சேர்கிறது. 2010-இல் அது நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு முறையும் பாதித் தண்ணீர் மாறியது என்று வைத்துக்கொள்: 3.5, 1.75, 0.875 என்று பாதி பாதியாக இறங்கி, ஏழாவது முறையில் 0.03 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். சுழியம் ஆகவே ஆகாது, ஆனால் நாக்குக்குத் தெரியாது. அடுத்த முறை அந்த அணைக்கட்டின் புல்வெளியில் பட்டம் விடப் போனால் உன் தம்பியிடம் இதைச் சொல்லிப் பார், ஓடிவிடுவான்.

கேள்வி: திராட்சையில் 80% தண்ணீர், காய்ந்த திராட்சையில் 20% தண்ணீர், 10 கிலோ திராட்சை காய்ந்தால் எத்தனை கிலோ? மகள் 60% போய்விட்டது, 4 கிலோ மிச்சம் என்கிறாள்.
— ஒரு தாய், பொங்கோல்

பதில்: தண்ணீரைப் பார்க்காதீர்கள், அது ஓடும். சதையும் சீனியும் ஓடாது. 10 கிலோவில் 2 கிலோ கெட்டிப்பொருள். காய்ந்த பிறகு அதே 2 கிலோ இப்போது 80%. ஆக மொத்தம் 2.5 கிலோ. 80-இலிருந்து 20-ஐக் கழித்ததில்தான் தப்பு, முதல் 80% பத்துக் கிலோவில், இரண்டாவது 20% இரண்டரைக் கிலோவில்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் 'அலிகேஷன்' என்று குறுக்கே பெருக்கல் குறி போட்டு ஒரு முறை அனுப்பினார். இரண்டு விநாடியில் விடை வருகிறது. இதையே தேர்வில் எழுதலாமா?
— உயர்நிலை 2 மாணவன், தெம்பனிஸ்

பதில்: மாமா வங்கித் தேர்வுக்குப் படித்தவராக இருப்பார், அங்கே கட்டத்தில் டிக் அடித்தால் போதும், வேகம்தான் எல்லாம். அந்தக் குறுக்குக் குறி வேறொன்றும் இல்லை, மேலே ஈசூன் அம்மாவுக்குச் சொன்ன குறையும் மிச்சமும்தான். மூலையில் 10, இன்னொரு மூலையில் 30, நடுவில் 15, குறுக்கே கழித்தால் 15-உம் 5-உம், விகிதம் 3-க்கு 1. செய்முறைக்கு மதிப்பெண் இருக்கும் தாளில் வெறும் குறுக்குக் குறியும் விடையும் மட்டும் எழுதினால், எண் ஒன்று தவறிப்போனால் கையில் ஒன்றும் நிற்காது. சமன்பாட்டை எழுது, மாமாவின் குறியை ஓரத்தில் பென்சிலால் போட்டுச் சரிபார். மூன்று கரைசல் கலக்கும் கணக்கு வந்தால் மாமாவும் முழிப்பார், மூன்று பத்தி முழிக்காது.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி எத்தனாலும் கலந்தேன். 100 வரவில்லை. நான் சிந்தவில்லை, சத்தியம். நீங்கள் மொத்தத்தைக் கூட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்தானே?
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, அங் மோ கியோ

பதில்: மாட்டிக்கொண்டேன். 96, 97 மில்லி வந்திருக்கும், சரியா? நீ சிந்தவில்லை. இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முன்னைவிட நெருக்கமாக உட்கார்ந்துவிடுகின்றன, அதனால் கன அளவு சுருங்குகிறது. எடை போட்டுப் பார்த்திருந்தால் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. எடையைக் கூட்டலாம் என்பது எப்போதும் சரி, மில்லியைக் கூட்டலாம் என்பது பாடப்புத்தகம் நமக்குக் கொடுக்கும் சலுகை. புத்தகத்தின் மூலையில் "கன அளவு மாறாது எனக் கொள்க" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நாங்கள் டீச்சர்கள் அதை வாசிக்காமல் தாண்டிவிடுவோம், நான் உட்பட.

வேலை தெரிந்தவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கைத் தேய்ப்புத் திரவச் செய்முறையில் 96% எத்தனால் 8333 மில்லி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98% கிளிசரால் 145 மில்லி. அப்புறம் தண்ணீர் இத்தனை மில்லி என்று இருக்காது, 10 லிட்டர் குறி வரை ஊற்று என்றுதான் இருக்கும். சுருங்கினால் சுருங்கட்டும், குறியைத் தொடும்வரை ஊற்றினால் சரி. 8333-ஐ 0.96-ஆல் பெருக்கு, 8000 வரும், 10,000-இல் அது 80%. எத்தனால் எவ்வளவு உள்ளே போனது, கடைசியில் குறி எங்கே நிற்கிறது, இந்த இரண்டு மட்டும்தான் அவர்களுக்குத் தேவை. உன் ஆய்வுக்கூடத்துக் குடுவையின் கழுத்தில் ஒரே ஒரு கோடு இருப்பதும் அதற்காகத்தான்.

இடம் முடிகிறது. அடுத்த இதழ் வரை வீட்டில் அடித்துக்கொள்ள ஒன்று: ஒரு தம்ளரில் தே ஓ, இன்னொன்றில் அதே அளவு பால். பாலிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தேநீரில் ஊற்றுங்கள், கலக்குங்கள். அந்தக் கலவையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் திரும்பப் பாலில் ஊற்றுங்கள். இப்போது தேநீரில் இருக்கும் பால் அதிகமா, பாலில் இருக்கும் தேநீர் அதிகமா? சரியாகக் கலக்காவிட்டால் விடை மாறுமா என்பதையும் எழுதுங்கள்.